கிரானாக்கின் ஆதாமும் ஏவாளும்: இந்த ஓவியம் யாருடையது?

கோட்டுச்சித்திரம் எழுதியது:

அர்ஜென்டினா செய்தியை இங்கே பலர் பகிர்ந்திருந்தீர்கள். 2025 ஆகஸ்டில் மார் டெல் பிளாட்டா நகரத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. வீட்டுத் தரகர்கள் இணையத்தில் போட்ட படத்தில் சோபாவுக்கு மேலே ஒரு சீமாட்டியின் உருவப்படம் தொங்கியது. அது இரண்டாம் உலகப்போரில் காணாமல்போன, இத்தாலிய ஓவியர் கிஸ்லாண்டியின் ஓவியம் என்று நெதர்லாந்து நாளிதழ் ஒன்று கண்டுபிடித்தது. போலீஸ் போனபோது சுவரில் அந்த இடத்தில் ஒரு திரைச்சீலை தொங்கியது, அப்புறம் செப்டம்பர் தொடக்கத்தில் ஓவியம் ஒப்படைக்கப்பட்டது. ஒளித்து வைத்த பொருள் வெளியே வந்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

ஆனால் அந்தச் சீமாட்டி படத்தை இழந்த அதே மனிதரிடமிருந்து, ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஜாக் கவுட்ஸ்டிக்கரிடமிருந்து, போன இன்னொரு ஜோடி ஓவியத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. கலிபோர்னியாவில் பசடினா நகரத்து நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில் தொங்குகிறது, டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை அவருடைய குடும்பத்தால் மீட்க முடியவில்லை. இந்த இழை அதைப் பற்றித்தான்.

ஓவியர் லூக்காஸ் கிரானாக், மூத்தவர். ஜெர்மன் மறுமலர்ச்சிக் காலத்துக்காரர், 1505 முதல் சாக்சனி அரசவை ஓவியர், விட்டன்பெர்க்கில் மார்ட்டின் லூதரின் நண்பர். 1530 வாக்கில் வரைந்த இரண்டு மரப்பலகைகள், ஒன்றில் ஆதாம், மற்றதில் ஏவாள், ஒவ்வொன்றும் ஆறடிக்கு மேல் உயரம். வரைந்த காலத்திலிருந்து கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்குத் தெளிவான தடம் இல்லை. பிறகு கீவ் நகரத்துத் திரித்துவ தேவாலயத்தில் தென்படுகின்றன. 1927இல் சோவியத் அரசு கீவின் ஒரு கலை அருங்காட்சியகத்துக்கு மாற்றுகிறது. 1931 மே மாதம் பெர்லினில் லெப்கே ஏல நிலையத்தில் சோவியத் அரசே விற்கிறது. வாங்கியவர் ஆம்ஸ்டர்டாமின் ஓவிய வணிகர் ஜாக் கவுட்ஸ்டிக்கர், யூதர்.

1940 மே 10 அன்று ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. மே 14 அன்று கவுட்ஸ்டிக்கர், மனைவி டெசி, கைக்குழந்தை எடோ மூவரும் போடக்ராவன் என்ற கப்பலில் தப்பினார்கள். மே 16 இரவு, விளக்கெல்லாம் அணைத்த கப்பலின் தளத்தில் நடந்தவர் திறந்து கிடந்த சரக்குக் குழிக்குள் விழுந்து இறந்துபோனார். அவரிடம் ஒரு சிறிய கருப்புக் குறிப்பேடு இருந்தது, அதில் 1,113 ஓவியங்களின் பட்டியல். ஆதாமும் ஏவாளும் அதில் உண்டு, லெப்கே ஏலத்தில் வாங்கியது என்ற குறிப்போடு.

உரிமையாளர் கடலில் இறந்துவிட்டார், மனைவி அகதி. ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் மிஞ்சியிருந்த ஊழியர்களிடமிருந்து நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் இருபது லட்சம் கில்டருக்கு ஓவியங்களை "வாங்கினார்". அலோயிஸ் மீட்ல் என்ற ஜெர்மன் வங்கியாளர் ஐந்தரை லட்சம் கில்டருக்குக் கடையின் பெயரையும் நிலபுலன்களையும் எடுத்துக்கொண்டார். கிரானாக் ஜோடி பெர்லினுக்கு வடக்கே கோரிங்கின் கரின்ஹால் மாளிகைக்குப் போயிற்று.

போருக்குப் பின் அமெரிக்கப் படை அதைக் கைப்பற்றியது. மீட்ட கலைப்பொருட்களைச் சேர்த்து வைத்த முனிச் மையம், 1946இல் நெதர்லாந்து அரசு, 1966இல் அந்த அரசு ஜார்ஜ் ஸ்ட்ரோகனாஃப் ஷெர்படாஃப் என்பவருக்கு விற்றது, 1971இல் நார்ட்டன் சைமன் எட்டு லட்சம் டாலருக்கு வாங்கினார். 2007இல் எடோவின் மனைவி மரேய் வான் சாஹர் வழக்குப் போட்டார். 2019 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு முடிந்தது. அருங்காட்சியகத்துக்கே ஓவியம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நியாயமில்லை. உடைமை வரலாற்றில், அதாவது ஓவியம் யார் யார் கைக்குப் போனது என்ற பதிவில், "விற்பனை" என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் விற்றவன் எந்த நிலையில் இருந்தான் என்று கேட்டுத்தான் படிக்க வேண்டும். உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.


மேல்முறையீடு எழுதியது:

நல்ல தொகுப்பு நண்பரே, ஆனால் 1946க்கும் 1966க்கும் நடுவே ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், வழக்கு முழுக்க அந்த இருபது வருடத்தில்தான் இருக்கிறது.

நேச நாடுகள் கைப்பற்றிய கலைப்பொருளைத் தனி ஆட்களிடம் கொடுக்கவில்லை. எந்த நாட்டிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த நாட்டு அரசிடம் கொடுத்தார்கள், உரிமையாளரைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அந்த அரசின் பொறுப்பு. நெதர்லாந்தில் அதற்கு ஒரு நடைமுறை இருந்தது. மனுப் போட வேண்டும், கடைசித் தேதி 1951 ஜூலை 1. டெசி 1946இலேயே நாடு திரும்பிவிட்டார், வழக்கறிஞர்கள் இருந்தார்கள், கடையின் நிர்வாகம் மறுபடி அவர் கையில். மீட்ல் எடுத்துக்கொண்ட சொத்து பற்றி 1952இல் அரசோடு உடன்பாடு செய்தார். கோரிங் எடுத்துக்கொண்டவற்றுக்கு மட்டும் மனுவே போடவில்லை. மறந்துபோனது அல்ல, யோசித்து எடுத்த முடிவு என்றுதான் ஆவணங்கள் காட்டுகின்றன.

ஏன் என்றால், ஓவியத்தைத் திரும்பக் கேட்பவர் விற்றபோது கிடைத்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் காலத்துச் சந்தை நிலவரத்தில் பணம் போதும் என்று ஒரு நிர்வாகம் முடிவெடுப்பது நடக்காத காரியம் இல்லை. அப்படி முடிவெடுத்த பின்னால், அரை நூற்றாண்டு கழித்து, நடுவில் நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து பிடுங்க முடியுமா? மனிதாபிமானம் வேறு, உரிமை வேறு.


கூழாங்கல் எழுதியது:

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். கிரானாக் ஆதாம் ஏவாளை ஒருமுறைதான் வரைந்தாரா? லண்டனில் ஒன்று பார்த்த ஞாபகம், இத்தாலியில் ஒன்று இருக்கிறது என்று படித்தேன். இது அதே ஓவியம்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?


பழுப்புஏடு எழுதியது:

கூழாங்கல், நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

கிரானாக்கும் அவருடைய பட்டறையும் இந்தப் பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். லண்டன் கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் இருப்பது 1526, ஒரே பலகையில் இருவரும். ஃபிளாரன்சில் உஃபீசி அருங்காட்சியகத்தில் 1528 தேதியோடு ஒரு ஜோடி இருக்கிறது, பசடினா ஜோடி போலவே தனித்தனிப் பலகைகள். அதனால் ஒரு பழைய அரண்மனைப் பட்டியலில் "லூக்காஸ் வரைந்த ஆதாம் ஏவாள்" என்று ஒரு வரி கிடைத்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பட்டியல் எழுதியவர்கள் அளவு குறிக்க மாட்டார்கள், பலகையா துணியா என்றுகூட சில சமயம் சொல்ல மாட்டார்கள். நானூறு வருடம் இருட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1931க்கு அப்புறம் நிலைமை மாறுகிறது. ஏல நிலையங்கள் அச்சிட்ட பட்டியல் போட்டன, முக்கியமான பொருளுக்குப் புகைப்படமும் இருக்கும். வணிகரின் கணக்கேடு இன்னொரு சாட்சி. கோரிங்கின் ஆட்களும் வந்த பொருளையெல்லாம் பட்டியல் போட்டு வைத்தார்கள். முனிச் சேர்ப்பு மையத்தில் அமெரிக்கர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, அட்டையில் பதிந்து, படம் எடுத்து, ஓவியத்தின் பின்புறமும் எழுதினார்கள். ஆகவே 1931 முதல் 1971 வரை இந்த ஜோடியைப் பற்றி "அதே ஓவியமா" என்று யாரும் சண்டை போடவில்லை. வழக்கில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம் அது.

பின்புறம் என்று சொன்னேன் இல்லையா, உடைமை வரலாறு தேடுபவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஏல நிலையத்தின் சீட்டு, சுங்க முத்திரை, குடும்பச் சின்னம் பதித்த அரக்கு, கண்காட்சிக்குப் போய்வந்த ஒட்டுச்சீட்டு, சாக்குக்கட்டியால் எழுதிய எண். பலகையை யாராவது சீவி மெலிதாக்கியிருந்தால், அல்லது பின்னால் சட்டம் அடித்திருந்தால், அதெல்லாம் போய்விடும். பழைய காலத்தில் பூச்சி அரித்த மரத்தைக் காப்பாற்ற அப்படிச் செய்தார்கள், வேண்டுமென்றே தடம் அழிக்கவும் செய்தார்கள்.

நம் ஊரில் வீட்டுமனை வாங்கும்போது மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் இருக்கிறதா என்று முப்பது வருடத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறோமே, அதே வேலைதான் இது, வித்தியாசம் என்னவென்றால் ஓவியத்துக்குப் பதிவு அலுவலகம் கிடையாது. ஆளுக்கு ஒரு ஊரில், ஆளுக்கு ஒரு மொழியில், ஆளுக்கு ஒரு காகிதம். ஹேக் நகரத்தில் ஆர்.கே.டி. என்ற கலை வரலாற்று ஆவணக்காப்பகம், லாஸ் ஏஞ்சல்சில் கெட்டி நிறுவனத்தின் உடைமை வரலாற்றுத் தரவுத்தளம், கிரானாக்குக்கென்றே ஒரு இணைய ஆவணக்களம், இவையெல்லாம் சேர்ந்துதான் இன்று கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கின்றன.


வடகரை எழுதியது:

பழுப்புஏடு அக்கா, லெப்கே ஏலத்தின் பெயரே "ஸ்ட்ரோகனாஃப் தொகுப்பு" என்றுதானே இருந்தது? அப்படியானால் 1966இல் ஸ்ட்ரோகனாஃப் வாரிசுக்குப் போனது உண்மையான பழைய உரிமையாளரிடம் திரும்பிப் போனதாக ஆகாதா? புரட்சியில் பிடுங்கப்பட்ட குடும்பம்தானே அதுவும். ஒரு திருட்டை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதற்கு முந்தைய திருட்டை விட்டுவிடுவது எப்படிச் சரி?


பழுப்புஏடு எழுதியது:

வடகரை தம்பி, அந்த ஏலத்தின் தலைப்பு பெரிய குழப்பத்தை உண்டாக்கிவிட்டது. ஸ்ட்ரோகனாஃப்கள் பெரிய செல்வந்தக் குடும்பம், பீட்டர்ஸ்பர்க்கில் மாளிகை, அங்கே நிஜமாகவே பெரிய ஓவியத் தொகுப்பு இருந்தது, புரட்சிக்குப் பின் அரசு எடுத்துக்கொண்டது. 1930 வாக்கில் சோவியத் அரசுக்குத் தொழிற்சாலை இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது, கலைப்பொருட்களை மேற்கே விற்றார்கள். வாஷிங்டனில் இருக்கும் ராஃபேலின் ஆல்பா மடோனா அப்படித்தான் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்திலிருந்து அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ மெலன் கைக்குப் போனது.

லெப்கே ஏலத்தில் பெரும்பகுதி ஸ்ட்ரோகனாஃப் பொருட்கள்தான். ஆனால் வேறு இடங்களிலிருந்து வந்தவையும் கலந்திருந்தன, கிரானாக் ஜோடி கீவிலிருந்து வந்தது. அது பீட்டர்ஸ்பர்க் மாளிகையில் இருந்ததற்கு ஆதாரம் என்று நான் ஏற்கக்கூடிய ஒரு காகிதத்தையும் பார்க்கவில்லை. வான் சாஹர் தரப்பும் இதைத்தான் வாதிட்டது, அந்தக் குடும்பம் ஒருபோதும் இதை வைத்திருக்கவில்லை என்று. விற்பவன் பட்டியலின் அட்டையில் போடும் பெயர் விளம்பரம். பிரபுக் குடும்பத்துப் பெயர் இருந்தால் விலை ஏறும். அதை உரிமைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது. இந்தத் துறையில் இருக்கிற எல்லாரும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு தலைப்பு முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு அரசை ஓவியத்தைக் கைமாற்ற வைத்தது.


தூரிகைநுனி எழுதியது:

அப்படியானால் இன்னொரு கேள்வி வருகிறது. ஸ்ட்ரோகனாஃப் இல்லை என்றால் கீவ் தேவாலயம். தேவாலயத்திலிருந்து சோவியத் அரசு எடுத்தது. அந்தத் தேவாலயத்துக்கு யார் நியாயம் சொல்வது? கவுட்ஸ்டிக்கர் வாங்கும்போதே அது பறித்த பொருள் என்று ஐரோப்பாவில் எல்லா வணிகருக்கும் தெரியும்தானே. எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு, அவர் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையை மறுக்கவில்லை, ஆனால் அவரை அப்பழுக்கற்ற முதல் உரிமையாளராகக் காட்டுவதை ஏற்க முடியவில்லை.


மேல்முறையீடு எழுதியது:

தூரிகைநுனி சொல்வது கனமான விஷயம். சட்டப்படி பார்த்தால், ஒரு அரசு தன் எல்லைக்குள் இருக்கும் சொத்தைத் தேசியமயமாக்கினால் வெளிநாட்டு நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்காது. சோவியத் பறிமுதல் பற்றிய பல வழக்குகள் அப்படித்தான் விழுந்தன. கவனியுங்கள், அதே கோட்பாடுதான் கடைசியில் வான் சாஹருக்கு எதிராகவும் திரும்பியது. 2018 ஜூலை மாதம் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? 1966இல் நெதர்லாந்து அரசு ஸ்ட்ரோகனாஃபுக்குக் கொடுத்தது ஒரு இறையாண்மை உள்ள அரசின் அதிகாரபூர்வச் செயல், அதைச் செல்லாது என்று சொல்லாமல் வான் சாஹர் ஜெயிக்க முடியாது, அமெரிக்க நீதிமன்றம் அப்படிச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். யார் நல்லவர் என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

கீழ் நீதிமன்றம் 2016இல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தது. போர்க்காலத்தில் லண்டனில் இருந்த நெதர்லாந்து அரசு இ133 என்று ஒரு அரசாணை போட்டது, எதிரி நாட்டவரின் சொத்தெல்லாம் நெதர்லாந்து அரசைச் சேரும் என்று. கோரிங் வாங்கியது, கோரிங் எதிரி, குடும்பம் மனுப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யவில்லை, எனவே அரசின் சொத்து. அரசின் சொத்து என்றால் அரசு விற்கலாம்.


கோட்டுச்சித்திரம் எழுதியது:

மேல்முறையீடு சார், அந்தக் கடைசிப் பத்தியை நீங்களே மறுபடி ஒருமுறை படியுங்கள். கோரிங்கின் சொத்து என்ற கணக்கில் அது அரசுக்கு வந்தது. அதாவது கவுட்ஸ்டிக்கர் குடும்பத்திடமிருந்து பறித்தவனுடைய உரிமையை ஒரு நொடியாவது செல்லும் என்று ஏற்றுக்கொண்டால்தான் அந்தச் சங்கிலி நிற்கும். 1943 ஜனவரி 5 அன்று லண்டனில் நேச நாடுகள் ஒரு பிரகடனம் செய்தன, ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நடந்த சொத்து மாற்றம் எதையும், சட்டப்படி நடந்ததுபோலத் தோற்றம் இருந்தாலும், செல்லாது என்று அறிவிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று. நெதர்லாந்து அரசும் அதில் கையெழுத்திட்டது. அதே அரசு போருக்குப் பின் பாதிக்கப்பட்டவரிடம் "பணத்தைக் கட்டு, தேதிக்குள் மனுப் போடு" என்றது.

டெசி யோசித்து எடுத்த முடிவு என்கிறீர்கள். அவர் வியன்னாவிலிருந்து வந்த பாடகி, கணவர் செத்துப்போய், சின்னக் குழந்தையோடு அகதியாக அமெரிக்காவில் போரைக் கழித்துவிட்டு வந்தவர். வந்து பார்த்தால் ஓவியங்கள் அரசின் கையில். அந்த அரசு அவரைத் திருட்டுக்கு ஆளானவராகப் பார்க்கவில்லை, விருப்பத்தோடு விற்ற வணிக நிறுவனம் என்று பார்த்தது. மீட்ல் விஷயத்தில் உடன்பட்டதே சலித்துப்போய்த்தான் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் முன்னால் இரண்டு மோசமான வழிகளை வைத்துவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்காக அவருடைய பேரக்குழந்தைகள்வரை கட்டுப்பட வேண்டும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இது என்னுடைய உணர்ச்சி மட்டும் இல்லை. நெதர்லாந்து அரசே எக்கார்ட் குழு என்று ஒன்றை அமைத்து, போருக்குப் பிந்தைய நடைமுறையை ஆராய்ந்தது. அந்த நடைமுறை சட்ட எழுத்தைப் பிடித்துக்கொண்டு இரக்கமில்லாமல் நடந்தது என்று அந்தக் குழு பட்டவர்த்தனமாகச் சொன்னது.


மேல்முறையீடு எழுதியது:

அதை மறுக்கவில்லை. ஆனால் நெதர்லாந்து செய்த தவறுக்கு நார்ட்டன் சைமன் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் 1971இல் வாங்கும்போது ஒரு அரசு விற்ற பொருள், வாங்கியவர் பழைய உரிமையாளரின் வாரிசாக அறியப்பட்டவர். அதைவிடச் சுத்தமான பத்திரம் அந்தக் காலத்தில் யாருக்குக் கிடைத்திருக்கும்?


பழுப்புஏடு எழுதியது:

சார், இங்கே நான் குறுக்கிடுகிறேன். உடைமை வரலாற்றில் கோரிங் பெயர் இருந்தது. 1940, ஆம்ஸ்டர்டாம், யூத வணிகர், கோரிங். இந்த நான்கு சொற்களும் ஒரே வரியில் இருக்கும்போது அதைச் சுத்தமான பத்திரம் என்று எந்த ஆய்வாளரும் சொல்ல மாட்டார். 1971இல் வணிகர்களும் அருங்காட்சியகங்களும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தார்கள் என்பது நிஜம்தான், கேட்காமல் இருக்க வசதியாக இருந்தது. 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி நாஜிகள் பறித்த கலைப்பொருட்கள் பற்றிச் சில கொள்கைகளை ஏற்றுக்கொண்டன, ஆவணங்களைத் திறக்க வேண்டும், நியாயமான தீர்வு காண வேண்டும் என்று. அதற்குச் சட்ட பலம் கிடையாது. ஆனாலும் அதற்குப் பிறகும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. அருங்காட்சியகம் நீதிமன்றத்தில் ஜெயிக்கலாம், ஜெயித்தது. ஆனால் பன்னிரண்டு வருடம் காலக்கெடுவையும் அரசுச் செயலையும் வைத்து வாதாடியது. அந்த வருடங்களில் "1940இல் நடந்தது திருட்டா இல்லையா" என்ற கேள்வி நீதிமன்றத்தில் முழுமையாக விசாரிக்கப்படவே இல்லை. என் ஆதங்கம் அதுதான்.


பசடினாபக்கம் எழுதியது:

நான் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம், அந்த ஓவியங்களை அடிக்கடி பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் நிஜமான ஆள் உயரம், கரும் பின்னணியில் இரண்டு வெளிறிய உடல்கள், பாம்பு ஏவாளின் பக்கத்தில். அதன் முன்னால் நிற்கும்போது இவ்வளவு கைகள் மாறியது எதுவும் தெரியாது. பக்கத்திலேயே தொங்கும் மற்ற ஓவியங்களைப் போலத்தான் மக்கள் பார்த்துவிட்டு நகர்கிறார்கள்.

ஒரு விஷயம் கேட்கலாமா? 2006இல் இதன் மதிப்பு 2 கோடியே 40 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். குடும்பத்துக்குத் திரும்பக் கொடுத்திருந்தால் ஏலத்துக்குப் போய் யாராவது ஒரு கோடீஸ்வரர் வீட்டுக்குள் முடங்கியிருக்கும். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். பொதுமக்களுக்கு எது நல்லது என்றும் யோசிக்க வேண்டாமா?


கோட்டுச்சித்திரம் எழுதியது:

பசடினாபக்கம், உங்கள் கவலை புரிகிறது, ஆனால் ஒருவருடைய பொருளை அவரிடம் கொடுப்பதற்கு அவர் அதை என்ன செய்வார் என்பது நிபந்தனையாக முடியாது. உங்கள் வீட்டுப் பொருள் தொலைந்து போலீஸ் மீட்டால் "நீங்கள் விற்றுவிடுவீர்கள், அதனால் தர மாட்டோம்" என்று சொல்வார்களா?

நடந்ததையும் பாருங்கள். 1997இல் ஒரு நெதர்லாந்துப் பத்திரிகையாளர் வான் சாஹரைத் தொடர்புகொண்டபோதுதான் அவருக்கே இந்தக் கதையின் முழு அளவு தெரியவந்தது. டெசியும் எடோவும் 1996இல் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். 1998இல் அரசு மறுத்தது, 1999இல் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. சட்டப்படி கதவு மூடியாயிற்று. அப்புறம் எக்கார்ட் குழுவின் பரிந்துரைகள் வந்தன, மீட்புக் குழு அமைந்தது, அது கவுட்ஸ்டிக்கர் சொத்து விருப்பமில்லாமல் போனது என்று சொல்லி, 2006 பிப்ரவரியில் அரசு தன் கையில் இருந்த 202 ஓவியங்களைத் திருப்பிக் கொடுத்தது. நெதர்லாந்து அருங்காட்சியகங்களின் சுவர்களிலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். அவற்றில் நிறைய ஏலத்துக்குப் போனது உண்மைதான், வழக்குச் செலவே மலையாக இருந்தது. ஆனால் எல்லாம் முடங்கவில்லை. சாலமன் வான் ரூஸ்டேலின் ஒரு படகுத்துறைக் காட்சி வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குப் போயிற்று, இன்றும் அங்கே பார்க்கலாம். சொந்தக்காரரிடம் கொடுத்த பிறகு அருங்காட்சியகம் முறையாக விலை கொடுத்து வாங்குவதற்கு எந்தத் தடையும் இல்லையே.

என் மனதை உறுத்துவது இதுதான். ஒரே குறிப்பேடு, ஒரே கோரிங் விற்பனை, ஒரே அரசு. 2006வரை அந்த அரசின் கையில் இருந்த ஓவியம் திரும்பிப் போனது. 1966இல் அந்த அரசு விற்றுவிட்ட ஓவியம் போகவில்லை. குடும்பம் இரண்டு விஷயத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது.


மேல்முறையீடு எழுதியது:

இந்தக் கடைசி வாதத்துக்கு என்னிடம் சட்டத்தில் பதில் இருக்கிறது, நியாயத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2006 முடிவை நெதர்லாந்து தார்மீகக் கொள்கையின்படி எடுத்தது, உரிமை இருக்கிறது என்று சொல்லி அல்ல. தன் கையில் இருப்பதை ஒரு அரசு தானாகக் கொடுக்கலாம். மற்றவர் கையில் இருப்பதைக் கொடுக்கச் சொல்ல அதற்கு வழியில்லை. நீங்கள் கேட்பது அருங்காட்சியகம் தானாக முன்வந்து செய்ய வேண்டியது. அதை நீதிமன்றத்தில் கேட்டதுதான் தப்பான இடம் என்று நினைக்கிறேன்.


தூரிகைநுனி எழுதியது:

முன்வந்து செய்யாததால்தானே சார் நீதிமன்றம் போனார்கள்.

என் பழைய கேள்வியை யாரும் தொடவில்லை. கீவ்.


பழுப்புஏடு எழுதியது:

தொடுகிறேன். கீவ் தேவாலயத்துக்கு அந்த ஜோடி எப்படி வந்தது என்று காட்டும் காகிதம் கிடைத்தால் எல்லாம் மாறும். லூதரின் நண்பர் வரைந்த இரண்டு நிர்வாண உருவங்கள் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குள் எப்படிப் போயின? யாராவது பிரபு காணிக்கையாகக் கொடுத்தாரா, போலந்து வழியாக வந்ததா, போரில் எடுத்து வந்ததா? இந்தக் கேள்விக்கு வழக்கறிஞர்களால் பதில் தேட முடியாது, அவர்களுக்கு 1931க்கு முன்னால் போக வேண்டிய தேவையே இல்லை. தேவாலயச் சொத்துப் பட்டியல்களும், 1920களில் அருங்காட்சியகத்தில் சேர்த்தபோது எழுதிய பதிவேடுகளும் தான் வழி. இரண்டாம் உலகப்போரில் கீவ் ஆவணங்கள் நிறைய அழிந்தன, மிச்சத்தைத் தேடுகிற ஆட்களும் இன்று மறுபடி போருக்கு நடுவே இருக்கிறார்கள்.

தேவாலயத்துக்கு உரிமை இருந்தால் அதையும் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முந்தைய அநியாயம் ஒன்று இருக்கிறது என்பதைப் பிந்தைய அநியாயத்தை மூடுவதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அருங்காட்சியகத் தரப்புக்கு ஆதரவாக எழுதிய சிலர் இதைத்தான் செய்தார்கள்.


கூழாங்கல் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒன்று, அந்தக் கருப்புக் குறிப்பேட்டில் உள்ள 1,113இல் இன்னும் எவ்வளவு வெளியே இருக்கிறது? நம்மைப் போன்றவர்கள் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை நிபுணர்கள் வேலை மட்டும்தானா?


கோட்டுச்சித்திரம் எழுதியது:

இன்னும் நூற்றுக்கணக்கில் வெளியே இருக்கின்றன கூழாங்கல். குடும்பத்தின் சார்பில் ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடுகிறார்கள், அவ்வப்போது ஒன்றிரண்டு அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் கிடைத்துத் திரும்பியிருக்கின்றன. அர்ஜென்டினாவில் நடந்ததே நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்தச் சீமாட்டி படத்தை ஆய்வகமோ நீதிமன்றமோ கண்டுபிடிக்கவில்லை. வீட்டு விற்பனைப் படத்தைப் பார்த்த செய்தியாளர்கள் பழைய கருப்புவெள்ளைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டார்கள்.

நீங்கள் ஆரம்பிக்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் லாஸ்ட் ஆர்ட் தரவுத்தளத்துக்குப் போங்கள், காணாமல்போனவை பட்டியலாக இருக்கிறது, நிறையவற்றுக்குப் படமும் உண்டு. அப்புறம் ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு ஐரோப்பிய ஓவியத்தை எடுத்து அதன் உடைமை வரலாற்றை வரிவரியாகப் படியுங்கள். 1933க்கும் 1945க்கும் நடுவே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "தனியார் தொகுப்பு" என்று மட்டும் இருந்தால், அந்த ஓவியத்தின் பெயரை இங்கே போடுங்கள், பழுப்புஏடு அக்காவும் நானும் கூட உட்கார்ந்து தேடுகிறோம்.